உப்பு சைவம்தானே? – லிங்கஸ் தேடிப் போன ஒரு சனிக்கிழமை

புரட்டாதி மூண்டாம் சனிக்கிழமை காலமை 7:40 ரெயினில பிக்கரிங்கில இருந்து வெளிக்கிட்டன். ரொறன்ரோவிலயும் மிசிசாகாவிலயும் கிடைக்கிற மசாலாப் பண்டிச் சொசேஜுகளை ஒரே நாளில, கார் இல்லாமல் சுத்திச் சாப்பிட்டு எழுதவேணும் எண்டதுதான் பிளான். அண்டைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணியில இருந்து ஒண்டேகால் வரைக்கும் என்ர மனுசன் சாகப்போறார், அதுவும் என்ர கையால சாகப்போறார் எண்டு நினைச்சு நடுங்கினன். ரெண்டும் ஒரே பயணம்தான். அதால ரெண்டையும் சேர்த்துத்தான் எழுதவேண்டிக் கிடக்கு. சொசேஜ் விபரத்துக்கு மட்டும் வந்த ஆக்கள் கோவிக்காதேங்கோ, நேரமும் விலையும் எல்லாம் இருக்கு.

ஏன் போனனான் எண்டு முதல்ல சொல்லுறன். லிங்கஸ் பற்றி முந்தி ஒருக்கா எழுதினனான். தெரியாத ஆக்களுக்கு: கொழும்பு, நீர்கொழும்புப் பக்கம் போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகளில செய்யிற பண்டிச் சொசேஜ் அது. வினாகிரி, மிளகு, கராம்பு, சாதிக்காய், செத்தல் மிளகாய்; சில பேர் ஒரு சொட்டுச் சாராயமும் விடுவினம். கொஞ்சத் தண்ணியில அவிய விட்டு, தண்ணி வத்தினாப்பிறகு அதின்ர கொழுப்பிலயே பொரிக்கவேணும். நான் வழமையா வாங்கிற ஸ்காபரோக் கடைக்காரர் இப்ப அதைச் செய்யிறேல்லை. சரி, நானே வீட்டில செய்து பார்ப்பம், அதுக்கு முதல் லிங்கஸின்ர சொந்தக்காரரை எல்லாம் ஒருக்காச் சாப்பிட்டுப் பார்ப்பம் எண்டு நினைச்சன். போர்த்துக்கீசர் லிங்குயிஸா எண்டதைத்தான் எங்கட நாட்டில லிங்கஸ் ஆக்கினவை. அதே ஆக்கள் கோவாவில விட்டிட்டுப் போனது இன்னொண்டு. ஸ்பானியர் பிலிப்பீன்ஸில விட்டிட்டுப் போனது லொங்கனிசா.

இனி எங்கட வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும், இல்லாட்டி மிச்சம் விளங்காது. இவர், அதுதான் என்ர மனுசன், நெஞ்சு ஒப்பரேசனுக்குப் பிறகு முழுச் சைவம். நான் மச்சம் சாப்பிடுவன், விட ஏலாது. அதால எங்களுக்கு ரெண்டு குசினி. மேல சைவக் குசினி. பேஸ்மெண்டில மச்சக் குசினி. சட்டி, அகப்பை, கத்தி எல்லாம் புறம்பு. பதினொரு வருசமா ஒரு சண்டையும் இல்லை. இறைச்சி, மீன், முட்டை கீழ; மற்றதெல்லாம் மேல. சின்னப்பிள்ளைக்கும் விளங்கிற சட்டம்.

வியாழக்கிழமை வேலை முடிஞ்சு வரேக்க, கசாப்புக்காரருக்குச் சாமான் விக்கிற ஒரு கடையில லிங்கஸுக்கு ரெண்டு சாமான் வாங்கினன். ஒண்டு, இறைச்சி அடைக்கிற பண்டிக்குடல். மற்றது, இறைச்சி பழுதாகாமல் போடுற ஒரு ரோஸ் நிற உப்பு, அரைக் கிலோ, ஒன்பது டொலர். வீட்டை வந்து பிரிச்சு வைச்சன். குடல் மச்சம், அது கீழ பிரிட்ஜுக்கை போச்சு. உப்பு? உப்பு சைவம்தானே. மேல அலுமாரிக்கை வைக்கலாம். ஆனால் பக்கற்றில பெரிய பண்டிப் படம் ஒண்டு சிரிச்சுக்கொண்டு நிண்டுது. புரட்டாதி மாசத்தில இவர் அலுமாரியைத் திறக்க அது முழிக்கக்கூடாதெண்டு, பக்கற்றை வெட்டி, உப்பை ஒரு வெறும் ஜாம் போத்தலுக்கை கொட்டி மூடினன். பக்கத்தில இவரின்ர இந்துப்புப் போத்தல். அதுவும் ரோஸ். அதுவும் அதே ஜாம் போத்தல், அதே சிவப்பு மூடி. வெறும் போத்தல் எறியிற பழக்கம் எனக்கு இல்லை. நான் ஒரு நிமிசம்கூட யோசிக்கேல்லை.

சனிக்கிழமைக்கு வாறன். இவருக்குச் சொன்னது மிசிசாகாவில சீலைக்கடைக்குப் போறன் எண்டு. புரட்டாதிச் சனியில பண்டி தின்னப் போறன் எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ரெயினில இருந்தும் ஒரு பதகளிப்பு, ஆரும் தெரிஞ்ச ஆக்கள் ஏறுவினமோ எண்டு. யூனியன் ஸ்ரேசனில மாறி, போர்ட் கிரெடிட்டில இறங்க 9:05. ஒரு வழிக்குப் பத்து டொலர் சொச்சம் போச்சு. அங்கயிருந்து பஸ்ஸில இருபது நிமிசம்.

கோவாக்காரரின்ர கடை ஒரு சின்னப் பிளாசாவில, பல் டொக்டருக்கும் தலைமயிர் வெட்டிற கடைக்கும் நடுவில. அவையள் சொரிஸ் எண்டு சொல்லுவினம். நெல்லிக்காய் அளவு உருண்டை உருண்டையா நூலில கட்டி, மாலை மாதிரித் தொங்கவிட்டிருக்கினம். கள்ளு வினாகிரி, காஷ்மீர் மிளகாய், உள்ளி. மணமே தும்மல் வரப்பண்ணும். கடைக்காரர் வெங்காயமும் உருளைக்கிழங்கும் போட்டுப் பிரட்டி, பாணுக்கை வைச்சுத் தந்தார், 6.50 டொலர். நல்ல புளிப்பு, நல்ல உறைப்பு, எங்கட நாக்குக்குப் பழக்கமான உறைப்பு. சரம் ஒண்டு பதினாலு டொலர், ரெண்டு வாங்கினன். இதைப் பச்சையாத் தின்னக் கூடாது, வடிவாச் சமைக்கவேணும் எண்டு ரெண்டு தரம் சொல்லித்தான் விட்டார்.

திரும்ப ரெயின் ஏறி எக்சிபிஷன் ஸ்ரேசனில இறங்கி, பார்க்டேலுக்கு நடந்தன். இருபது நிமிச நடை. குயின் வீதியில ஒரு பிலிப்பினோச் சாப்பாட்டுக் கடை, 10:50 இருக்கும். இந்தக் கடையைச் சொல்லித் தந்தது மரிசெல், எங்கட பக்கத்து வீட்டுக்காரி. லொங்கனிசாவில ஊருக்கு ஒரு வகை எண்டு அவ சொன்னது சரிதான். விகான் எண்ட ஊரில செய்யிறது குட்டை, உள்ளி கூட, நல்ல புளிப்பு. லுக்பான் ஊரில ஒறிகானோ போடுவினம். பம்பாங்காக்காரர் சீனி போடுவினம், பொரிக்கேக்க கரையெல்லாம் கருகி மினுங்கும். மூண்டிலயும் ஒவ்வொண்டு, உள்ளிச் சோறு, முட்டைப் பொரியல், 13.75. எனக்கு விகான்தான் பிடிச்சது. இனிப்புச் சொசேஜ் எனக்குச் சரிவரேல்லை, சில பேருக்குப் பிடிக்கும். சாப்பிட்டு முடிய நல்ல சந்தோசம். அண்டைக்கு நான் சந்தோசமா இருந்தது அவ்வளவுதான்.

ஸ்ட்ரீட்கார் பிடிச்சு டண்டாஸ் வீதிக்குப் போனன், ரிக்கற் 3.30 டொலர். ரெண்டு மணித்தியாலத்துக்கு மாறி மாறி ஏறலாம். போர்த்துக்கீசக் கடைக்குள்ள கால் வைக்க 11:45. உள்ள புகை மணம். கண்ணாடிக்குப் பின்னால கம்பியில தொங்குது: மெல்லிசு லிங்குயிஸா, தடிச்ச ஷொரிஸோ. உள்ளி, வைன், மிளகாய்த்தூள், பிறகு புகை. உறைப்புக் குறைவு. எங்கட கராம்பும் சாதிக்காயும் இதில இல்லை, அதெல்லாம் கப்பல் இஞ்சால வந்தாப்பிறகு ஏறினது போல. கடைக்காரி தெரேசா, அறுபது வயசிருக்கும், கையில கத்தியோட கதைக்கிற மனுசி. ஒரு துண்டு வெட்டித் தந்தா. நான் வாய்க்கை போட முதலே கதையைத் துவங்கிட்டன், நான் ஒரு வாயாடி. அவ இங்கிலிசில சொன்னதைத் தமிழில தாறன்.

"நானும் வீட்டில செய்யப்போறன். குடல் வாங்கிட்டன். ரோஸ் உப்பும் வாங்கிட்டன்" எண்டன்.

"கெட்டிக்காரி. ரோஸ் உப்பை எங்க வைச்சிருக்கிறீர்?"

"குசினி அலுமாரியில."

அவ கத்தியைக் கீழ வைச்சா. "பக்கற்றோடயோ?"

"இல்லை, போத்தல்ல கொட்டி வைச்சனான்."

"பேர் எழுதி ஒட்டினீரோ?"

நான் சிரிச்சன். உப்புக்கு ஆர் பேர் எழுதிறது?

"அது உப்பில்லை, மகள். சாப்பாட்டு உப்பில்லை" எண்டா. "நைட்ரைட் கலந்தது. இறைச்சிக்கு ஒரு சிட்டிகை, அதுவும் தராசில நிறுத்து. ஆரும் கரண்டியால அள்ளிக் குடிச்சால் இரத்தம் வேலை செய்யாது. உதடு நீலமாப் போகும். ஆள் மூச்சு விடும், ஆனால் அந்த மூச்சால பிரயோசனம் இல்லை. எங்கட ஊரில ஒருத்தன் செத்தவன். அதை ஏன் ரோஸ் ஆக்கினவை தெரியுமோ? சாதா உப்பெண்டு ஆரும் மாறி எடுக்கக்கூடாதெண்டுதான். பிறகு உலகம் முழுக்க ரோஸ் உப்பு விக்கத் துவங்கிட்டாங்கள், விசர்க் கூட்டம்."

கதைச்சுக்கொண்டே வாய்க்கை போட்ட லிங்குயிஸா விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது.

ஏனெண்டால் இவர் புரட்டாதிச் சனிக்கு மத்தியானம் வரைக்கும் பட்டினி கிடந்து விரதம் இருப்பார். பத்தரைக்குச் சிநேகிதன் ஒருத்தர் வானில வந்து ஸ்காபரோக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார். சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிச்சு, பூசை ஒரு மணியளவில முடிய, கோயில் மண்டபத்தில இருந்து விரதம் முடிப்பார். முதல்ல குடிக்கிறது, வீட்டில இருந்து பிளாஸ்கில கொண்டுபோற மோர். அதுக்கை கறிவேப்பிலை, பெருங்காயம், இந்துப்பு. பிரஷருக்கு நல்லதெண்டு ஆரோ வட்ஸப்பில அனுப்பின நாளில இருந்து வேற உப்புத் தொடுறேல்லை. சிட்டிகை இல்லை, ஒரு முழுத் தேக்கரண்டி போடுவார், பெரிய பிளாஸ்க்.

நேரம் 12:04. போன் அடிச்சன். ஓஃப். கோயிலுக்குப் போனால் ஓஃப் பண்ணித்தான் வைப்பார், ஓஃப் பண்ணாத மற்றவையையும் ஏசுவார். கூட்டிக்கொண்டு போன சிநேகிதனுக்கு அடிச்சன். மணி போகுது, எடுக்கேல்லை. கோயில் ஒபிசுக்கு அடிச்சன். நாதஸ்வரம் போட்டு, பூசை நேரம் ஒவ்வொண்டாச் சொல்லுற ஒரு குரல். ஐயோ முருகா, மனுசர் ஆரும் இல்லையோ எண்டு கத்திப்போட்டன். தெரேசா என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு, தன்ர போனில எனக்குக் கார் கூப்பிட்டுத் தந்தா. கோயில் முப்பத்தொரு கிலோமீற்றர், 58 டொலர், 12:55க்கு போய்ச் சேரும் எண்டு ஆப்பு சொல்லிச்சு.

காருக்குள்ள ஏறேக்க மரிசெலுக்கு அடிச்சன். அவவுக்கு எங்கட கராஜ் கதவுப் பூட்டு நம்பர் தெரியும்.

"மரிசெல், என்ர வீட்டுக்குள்ள போம். மேல் குசினி, அடுப்புக்கு வலப்பக்கம் அலுமாரி. ரோஸ் உப்பு ரெண்டு போத்தல் இருக்கும். ரெண்டையும் எடும்."

சப்பாத்துக் கழட்டிற சத்தம், படி ஏறுற சத்தம், அலுமாரிக் கதவு எல்லாம் போனில கேட்குது.

"ஒண்டுதான் இருக்கு" எண்டா.

"வடிவாப் பாரும். ரெண்டு."

"ஒண்டுதான். முக்கால்வாசி இருக்கு. உள்ள ஒரு சின்ன மரக்கரண்டி."

மரக்கரண்டி இவர்ர. அப்ப கோயிலுக்குப் போக முதல் இந்தப் போத்தலுக்கைதான் அள்ளியிருக்கிறார். இது எந்தப் போத்தல்? நான் கொட்டி வைச்சதும் முக்கால்வாசிதான். பழைய உப்பு முடிஞ்சு, அந்தப் போத்தலை எறிஞ்சுபோட்டு, கரண்டியைப் புதுசுக்கை மாத்தியிருப்பார். அப்பிடித்தான் இருக்கவேணும். வேற என்னெண்டு ஒரு போத்தல் காணாமல் போகும்?

"நான் நாக்கில வைச்சுப் பார்க்கட்டோ?" எண்டு மரிசெல் கேட்டா.

"வைக்காதையும்! தொடாதையும்! கையைக் கழுவும்!" எண்டு நான் போட்ட சத்தத்தில கார் ஒரு ஆட்டம் ஆடிச்சு.

டிரைவர் கண்ணாடியால பார்த்தார். நரைச்ச தலை, டாஷ்போர்ட்டில ஒரு சின்னப் பிள்ளையார். "தமிழா? என்ன புள்ள, என்ன நடந்த?" எண்டார். பேச்சைக் கேட்டவுடனயே தெரிஞ்சுது, மட்டக்களப்பு. பேர் குணம். நான் அழுதழுது சொன்னன். அவருக்குப் பாதிதான் விளங்கியிருக்கும், ஆனால் உடன கையை நீட்டி வழிகாட்டிற ஆப்பை நிப்பாட்டினார்.

"இது டொன் வலி ஹைவேயால போகச் சொல்லுது. சனிக்கிழமை அது நிண்டிரும். நான் உள்ளால போறன். பயப்படாதீங்க. நஞ்சுக்கு எண்டு ஒரு ஹெல்ப்லைன் இருக்கு, முதல்ல அதுக்கு எடுங்க. மறுகா அழலாம்."

எடுத்தன். ஒரு நேர்ஸ் பிள்ளை, அமைதியான குரல். எவ்வளவு போட்டவர், எத்தினை லீற்றர் மோர், ஆளின்ர வயசு, நிறை, நெஞ்சு வருத்தம் இருக்கோ. ஓம், பைபாஸ் செய்தவர் எண்டன். "குடிக்க விடாதேங்கோ. குடிச்சிருந்தால் நல்லா இருக்கிறார் எண்டு பார்த்துக்கொண்டு நிக்கவேண்டாம், உடன 911. உதட்டையும் நகத்தையும் பாருங்கோ" எண்டா.

நான் காருக்குள்ள இருந்து என்ன யோசிச்சனான் எண்டு உண்மையைச் சொல்லுறன். மனுசன் போயிடுவார் எண்டதுதான் பெரிய பயம். அதுக்குப் பக்கத்திலயே இன்னொரு வெக்கம் கெட்ட பயமும் இருந்தது. எல்லாரும் கேட்கப்போகினம், என்னெண்டு செத்தவர் எண்டு. விரதம் இருந்த மனுசனுக்குப் பெண்சாதி பண்டிக்குப் போடுற மருந்தை உப்புப் போத்தல்ல வைச்சுக் கொடுத்தவ, அந்த நேரம் அவ பார்க்டேலில இருந்து சொசேஜ் திண்டுகொண்டிருந்தவ. வோட்டர்லூவில படிக்கிற மகளுக்கு நான் என்ன சொல்லுவன்? சீலைக்கடைக்குப் போனனான் எண்டோ?

12:40க்கு எக்ளிண்டன் வீதி. 12:52க்கு ஒரு ரோட்டு வேலை, ஒரு பாதைதான் திறந்திருந்தது. குணம் அண்ணை ஸ்ரியறிங்கை விரலால தட்டிக்கொண்டிருந்தார். நான் பத்து நிமிசத்தில பதினேழு தரம் இவரின்ர போனுக்கு அடிச்சிருக்கிறன், பிறகு எண்ணிப் பார்த்தனான். 1:05க்குக் கோயில் வாசல். புரட்டாதிச் சனி, பார்க்கிங்குக்கு வெளியால வீதி வரைக்கும் கார் வரிசை. நான் கதவைத் திறந்து இறங்கி ஓட வெளிக்கிட்டன்.

"புள்ள! பை!" எண்டு குணம் அண்ணை கூப்பிட்டார். தோளில பை தொங்குது. அதுக்கை சொரிஸ் ரெண்டு சரமும் தெரேசா சுத்தித் தந்த லிங்குயிஸாவும். "அதென்ன மணம்? இறைச்சியோட கோயிலுக்குள்ளயா போறீங்க?"

"பண்டி அண்ணை. நீங்களே வைச்சிருங்கோ" எண்டு எறிஞ்சுபோட்டு ஓடினன்.

செருப்பை எங்க கழட்டினனான் எண்டு தெரியாது. எள்ளெண்ணெய்ப் புகை. சனீஸ்வரனுக்கு முன்னால சனம் முட்டி நிக்குது, அதுக்கை இவர் இல்லை. மண்டபத்துக்கு ஓடினன். சாப்பாட்டு வரிசைக்கு அங்கால, சுவர்க்கரையில, வேட்டியோட கதிரையில இருக்கிறார். கையில பிளாஸ்க் மூடி, வாய்க்குக் கிட்ட.

தட்டி விட்டன். மோர் அவற்ற நெஞ்சில, வேட்டியில, பக்கத்தில இருந்த ஒரு அன்ரியின்ர சீலையில. மண்டபமே திரும்பிச்சு.

"எத்தினை குடிச்சனீங்கள்?"

"ரெண்டு கோப்பை. இது மூண்டாவது. உமக்கு என்ன விசரே? மிசிசாகாவில எல்லோ நீர் நிக்கவேணும்?"

அவற்ற முகத்தை ரெண்டு கையாலும் பிடிச்சு உதட்டைப் பார்த்தன். மண்டபத்து ரியூப் லைட்டில எல்லாற்ற உதடும் நீலமாத்தான் தெரிஞ்சுது. நகத்தைப் பார்த்தன், எள்ளெண்ணெய்க் கரி. போனில 911 அமத்தத் துவங்கிட்டன்.

"உப்பு. எந்த உப்புப் போட்டனீங்கள்?"

"இந்துப்புத்தான்."

"எந்தப் போத்தல்? ரெண்டு போத்தல் இருந்ததெல்லோ!"

இவர் அங்கால இஞ்சால பார்த்துப்போட்டு, குரலைத் தாழ்த்தினார். "உம்மட பண்டி உப்பையோ கேட்கிறீர்?"

கடைசி ஒண்டை அமத்தாமல் விரலை எடுத்திட்டன்.

"வியாழக்கிழமை குப்பை கட்டேக்க பக்கற்றைக் கண்டனான். பெரிய பண்டி. அலுமாரியில என்ர போத்தலுக்குப் பக்கத்தில புதுசா ஒண்டு இருந்தது. எடுத்துக் கீழ கொண்டுபோய் வைச்சிட்டன். குடலுக்குப் பக்கத்தில இருக்கு."

"மாறி எடுத்திருந்தால்? ரெண்டும் ஒரே மாதிரி!"

"என்ர போத்தலுக்கை என்ர கரண்டி கிடக்குமெல்லோ."

"ஏன் கீழ வைச்சனீங்கள்?" நான் அழுதுகொண்டு கேட்டன். "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மச்சச் சாமான் கீழதானே வைக்கிறது. இதுக்கெல்லாம் சொல்லவேணுமே?"

அந்த நிலையிலயும் என்ர வாய் சும்மா கிடக்கேல்லை. "அது உப்பு" எண்டன். "உப்பு சைவம்தானே!"

"பண்டிக்கெண்டு வாங்கின உப்பு என்னெண்டு சைவமாகும்?" எண்டார் இவர்.

நான் நிலத்தில இருந்திட்டன், மோர்த் தண்ணிக்கு மேலயே. போனை எடுத்து மரிசெலைக் கீழ் குசினிக்கு அனுப்பினன். 1:16க்கு அவ சொன்னா: பிரிட்ஜில, குடலுக்குப் பக்கத்தில, சிவப்பு மூடிப் போத்தல், மூடிக்கு மேல அடையாளத்துக்கு ஒரு ரப்பர் பாண்ட், உள்ள கரண்டி இல்லை. அப்பத்தான் மூச்சு வந்தது. நேர்ஸ் பிள்ளைக்குத் திருப்பி அடிச்சுச் சொன்னன். அவவும் ஒரு பெருமூச்சு விட்டா. எண்டாலும் நாலு மணித்தியாலம் ஆளைக் கவனிக்கச் சொன்னா. இவரைப் பக்கத்தில இருத்தி, ஐஞ்சு மணி வரைக்கும் அவற்ற நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன். பக்கத்து அன்ரிக்குப் புதுச் சீலை ஒண்டு வாங்கிக் குடுக்கவேணும் எண்டு இவர் சொன்னார். மிசிசாகாவிலதானே நல்ல சீலைக்கடை எண்டும் சொன்னார்.

பதினொரு வருசமா நான் இவற்ற சட்டத்தை உள்ளுக்குள்ள பகிடி பண்ணினனான். ஒரே சட்டம் எண்டு நினைச்சிருந்தன், பார்த்தால் ரெண்டு பேருக்கும் ரெண்டு சட்டம். எனக்குச் சாமான் என்னத்தால செய்தது எண்டதுதான் கணக்கு. இவருக்கு, என்னத்துக்கெண்டு வாங்கினது எண்டது. என்ர கணக்கால இவர் செத்திருப்பார். பண்டிப் படத்தை நான் ஒளிக்காமல் விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை எண்டும் எனக்குத் தெரியும். ஒளிச்சன், அதுதான் பிழை.

இனி இந்தப் பயணத்தைப் போகப்போற ஆக்களுக்கு. சனிக்கிழமை காலமை போங்கோ, ஆனால் மிசிசாகாவுக்கு முதல் போய்ப் பிறகு நகரத்துக்கு வாங்கோ. சொரிஸ் பத்து மணிக்கே முடிஞ்சிரும். பசியோட போகவேணும், மூண்டு கடையிலயும் சாப்பிட முப்பது டொலர் காணும். கோவாச் சொசேஜும் லொங்கனிசாவும் பச்சை, சமைக்காமல் வாயில வைக்கக்கூடாது. போர்த்துக்கீசரின்ர புகை போட்டதையும் கடைக்காரரிட்டைக் கேட்டுத்தான் அப்பிடியே தின்னவேணும். ஒரு குளிர்ப்பை கொண்டு போங்கோ. என்ர சாமான் எல்லாம் குணம் அண்ணையோட போச்சு. ரெண்டு நாள் கழிச்சு அவர் போன் எடுத்து, மனுசன் எப்பிடி எண்டு கேட்டார், மறுகா சொரிஸ் நல்ல உறைப்பு எண்டார்.

வீட்டில செய்யிற ஆக்கள் அந்த ரோஸ் உப்பை வாங்கின பக்கற்றோடயே வையுங்கோ. பண்டி சிரிச்சுக்கொண்டு நிக்கட்டும். குசினியில வேண்டாம், உயர ஒரு பெட்டிக்கை பூட்டி வையுங்கோ, பெரிய எழுத்தில எழுதி ஒட்டுங்கோ. எங்கட போத்தல்ல இப்ப இவற்ற கையெழுத்தில "உப்பு அல்ல" எண்டு ஒட்டியிருக்கு. நஞ்சு ஹெல்ப்லைன் நம்பரைப் போனில இப்பவே போட்டு வையுங்கோ. நாக்கில வைச்சுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் எண்டு மட்டும் நினையாதேங்கோ. ரெண்டும் உப்பாத்தான் இருக்கும், நாக்குக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

எனக்கு அது நல்லாத் தெரியும். தெரிஞ்சும், இவர் ஒவ்வொரு நாளும் மத்தியானம் மோர் கலக்கேக்க, எங்க நிண்டாலும் மேல ஓடி வந்து கோப்பையை வாங்கி முதல் வாய் நான் குடிக்கிறன். முதல் கிழமை இவர் சிரிச்சார். ரெண்டு பேரும் போனால் கீழ கிடக்கிற குடலை ஆர் அடைக்கிறது எண்டு கேட்டார். இப்ப ஒண்டும் கேட்கிறேல்லை. மோரைக் கலக்கினவுடன கோப்பையை முதல்ல என்ர பக்கம் நீட்டிப்போட்டு, நான் விழுங்கி முடியும் வரைக்கும் என்ர உதட்டைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார்.